மாதா காலடியில் நாலு கோடு

தீவு என்றால் நாலாபுறமும் கடல் சூழ்ந்த நிலம் என்று நான்காம் வகுப்பு டீச்சர் சொன்னபோது நான் மட்டும் எழுந்து நின்று, "எங்க தீவுல ஏரி மிஸ்" என்றேன். வகுப்பே சிரித்தது. சிரித்தவர்கள் எல்லோரும் மேட்டு நிலத்துக்காரர்கள், அவர்களுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

திருநின்றவூர் ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோக்காரரிடம் "தீவு" என்று சொன்னால் போதும், ஏரிக்கரை தொடங்கும் இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். மிச்ச தூரத்தைக் கரைமேல் நடக்க வேண்டும். காகிதத்தில் அதற்கு ஏதோ ஒரு நகர் என்று பெயர். அந்தப் பெயரைத் தபால்காரரைத் தவிர யாரும் உபயோகித்து நான் கேட்டதில்லை. முப்பது வீடுகள் இருக்கும். பாதி வேதக்கார வீடுகள், பாதி இந்து வீடுகள். எல்லா வீட்டு ஆண்களும் அம்பத்தூருக்கோ திருமழிசைக்கோ கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். கோடையில் வந்து பார்த்தால் தீவு என்பதற்கு ஓர் அடையாளமும் இருக்காது. ஐப்பசி பிறந்து ஏரி நிரம்பினால் மூன்று பக்கம் தண்ணீர் நிற்கும். மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலங்கல் வழிந்தால் நாலாவது பக்கமும் போய்விடும்.

தீவின் நடுவில் ஒரு கெபி உண்டு. சிமெண்டில் செய்த சின்னக் குகை, உள்ளே மாதா சொரூபம். பெரியவர்களின் நெஞ்சுயரத்துக்கு ஒரு மேடை கட்டி அதன்மேல் குகையை வைத்திருந்தார்கள். அந்த மேடையின் முன்சுவரில்தான் எங்கள் சரித்திரம் எழுதியிருந்தது. எழுத்து என்று பெரிதாக ஒன்றுமில்லை. நாலு சிவப்புக் கோடுகள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு வருடம். ஒவ்வொரு வெள்ளத்திலும் தண்ணீர் எதுவரை வந்து நின்றதோ, வடிந்த மறுநாள் அங்கே ஒரு கோடு போட்டு, ஜெபம் சொல்லி, சர்க்கரைப் பொங்கல் கொடுப்பார்கள். போடுகிறவர் என் சித்தப்பா. அவர் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் பெயிண்ட் அடிக்கிறவர். இரும்புக்கு அடிக்கிற சிவப்பை அங்கிருந்து கொஞ்சம் டப்பாவில் கொண்டுவந்து வைத்திருந்தார். "என் பெயிண்டு அவ்ளோ சீக்கிரம் போவாது" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

நாலு கோடும் மாதாவின் பாதத்துக்குக் கீழேதான் இருந்தன. அதுதான் விஷயம். ஏரி எவ்வளவு ஆட்டம் போட்டாலும் மாதா காலடிக்குக் கீழேயே நிறுத்திவிடுகிறாள் என்பதற்கு அந்தக் கோடுகள் சாட்சி. இந்து வீட்டுக்காரர்களும் அதை அப்படியே நம்பினார்கள், கோடு போடுகிற அன்று பொங்கலுக்கு வெல்லம் அவர்கள் வீட்டிலிருந்துதான் வரும்.

செப்டம்பரில் மாதா திருவிழா அன்று ஒரு பிள்ளை கெபி முன்னால் நின்று, குச்சியால் ஒவ்வொரு கோட்டையும் தொட்டு, சரித்திரம் சொல்ல வேண்டும். ஏழு வயதிலிருந்து அந்தப் பிள்ளை நான்தான். எனக்கு அதில் பாத்தியதை இருந்தது, ஏனென்றால் இரண்டாவது கோடே நான்தான். முதல் கோடு, நாலு குடும்பம் மட்டும் குடிவந்திருந்தபோது ஏரி முதன்முதலாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்தது. இரண்டாவது கோட்டில் அம்மாவுக்கு வலி எடுத்தது. கம்பெனி நீல டிரம் நாலைக் கட்டி, அதன்மேல் எங்கள் குளியலறைக் கதவைப் போட்டு, அப்பாவும் சித்தப்பாவும் நீந்தித் தள்ள, அத்தை குடையும் கையுமாக உட்கார்ந்து வர, கரை சேர்வதற்குள் நான் பிறந்துவிட்டேன். குடையைப் போட்டுவிட்டு என்னைப் பிடித்தது அத்தைதான். தீவில் எனக்கு டிரம் பாப்பா என்று பெயர். மூன்றாவது கோட்டில் ஒரு கல்யாணம், மாப்பிள்ளைக்கு முன்னால் பிரியாணி அண்டா மிதந்து வந்து சேர்ந்தது. நாலாவதுதான் உயரமானது, மாதா பாதத்துக்கு ஒரு சாண் கீழே. மூன்று நாள் எல்லோரும் மொட்டைமாடியில் இருந்தோம்.

எனக்கு ஒன்பது வயதான வருடம், திருவிழா முடிந்து ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த சித்தப்பாவின் முகம் சரியில்லை. ஏரிக்கு அந்தக் கரையில் இருந்த வீடுகளில் யாரோ வந்து அளந்து, எவ்வளவு தண்ணீர் வரும் என்று கேட்டு, கதவுகளில் மஞ்சள் பெயிண்டில் நம்பர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். கேட்டதற்கு லிஸ்ட் எடுக்கிறோம் என்றார்களாம். அடுத்து நம் பக்கம்.

"நம்பரு போட்டா இன்னா அர்த்தம்? ஏரி எடம்னு எழுதிகினு போய்ட்டாங்க. நாளைக்கு ஜேசிபிய எட்டுகினு வருவாங்க" என்றார் சித்தப்பா.

அப்பா எழுந்து போய்க் கெபியைப் பார்த்தார். அவர் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்கும் அந்தச் சுவர் கண்ணில் பட்டது. இத்தனை வருடமாக, இங்கே இவ்வளவு தண்ணீர் வரும் என்று வருடம் போட்டு, அழியாத பெயிண்டில், நாமே எழுதி வைத்திருக்கிறோம். அதற்குப் பொங்கல் வேறு.

கோடுகளை அழித்துவிடுவது என்று முடிவானது, அத்தை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அத்தை அப்பாவுக்கு அக்கா. புருஷன் போன பிறகு எங்கள் பக்கத்து வீட்டில் தனியாக இருந்தாள், கெபிக்கு மெழுகுவத்தி ஏற்றுவது அவள் பொறுப்பு. சர்க்கரை வியாதி, இடது காலில் ஆறாத புண் ஒன்று, எப்போதும் கட்டுப் போட்டிருப்பாள். "மாதா செஞ்சத மனுசன் அழிக்கிறதா? எனுக்கு ஒண்ணும் ஊடு வோணாம்" என்றாள்.

"ஒனக்கு வோணாம்க்கா. புள்ளைங்களுக்கு?" என்றார் அப்பா. அத்தை மெழுகுவத்தி ஏற்றப் போய்விட்டாள்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்குத் தகவல் வந்தது, இன்றைக்கே வருகிறார்களாம். ஆண்கள் யாரும் வேலைக்குப் போகவில்லை. சித்தப்பா மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்தார், அவர் பெயிண்ட் அசையவில்லை. செங்கல்லால் தேய்த்தார்கள், சிவப்பு இன்னும் அகலமாகப் பரவியது. ஒரு வீட்டில் பொங்கலுக்கு அடிக்க வாங்கி வைத்திருந்த சுண்ணாம்பு இருந்தது. கரைத்து அடித்தார்கள்.

சுண்ணாம்பு ஒரு விசித்திரமான சாமான். அடிக்கும்போது வெறும் தண்ணீர் போல இருக்கும், காய்ந்தால்தான் வெளுக்கும். அன்றைக்கோ தூறல் விட்டு விட்டுப் பிடித்துக்கொண்டிருந்தது, காற்றில் ஈரம் பிழியலாம் போல இருந்தது. இரண்டு கோட்டிங் அடித்தும் நாலு கோடுகளும் உள்ளேயிருந்து எங்களைப் பார்த்தன. எங்கள் வீட்டிலிருந்து வயர் இழுத்து மூன்று டேபிள் ஃபேனைச் சுவருக்கு நேராக வைத்தார்கள். பத்து மணிக்கு கரெண்ட் போனது. அப்புறம் பெண்கள் முறத்தை எடுத்துக்கொண்டு வந்தார்கள். அம்மா, பக்கத்து வீட்டு அக்கா, எதிர் வீட்டு ஆயா, எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து ஒரு சுவருக்கு விசிறிய காட்சியை இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று யாரும் சிரிக்கவில்லை.

அம்மா விசிறிக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள். "யாரு இன்னா கேட்டாலும் தண்ணி வராதுன்னு சொல்லு. டிரம்மு கிரம்முன்னு வாயத் தொறந்தே, தோல உரிச்சிடுவேன்."

அந்த மே மாதம்தான் எனக்குப் புதுநன்மை, முதல் நற்கருணை, கொடுத்திருந்தார்கள். பொய் சொல்வது என்ன வகைப் பாவம் என்பதில் நான் புதிதாகத் தேர்ச்சி பெற்றிருந்தேன். "பாவம்ல அம்மா?" என்றேன்.

"சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கலாம். இப்ப வாய மூடு."

அத்தையைப் பார்த்தேன். அவள் முறம் எடுக்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினொன்றரைக்குக் கரைமேலிருந்து பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். முறமெல்லாம் மறைந்தன. சுவர் ஒருவழியாக வெளுத்திருந்தது, ஆனால் கிட்டே போனால் ஈர வாடை அடித்தது.

மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் இளைஞர்கள், டேப்பும் நோட்டும் வைத்திருந்தார்கள். மூன்றாமவர் பெரியவர், தலை நரைத்தவர், பேண்டை முழங்கால்வரை மடித்துவிட்டிருந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். ஜேசிபியோடு வருகிறவர் இப்படி இருப்பார் என்று நான் நினைத்திருக்கவில்லை, எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"லிஸ்ட்டு எதுக்கு சார்?" என்று அப்பா கேட்டார்.

"மழைக்கு முன்னாடி எடுக்கச் சொல்லியிருக்காங்க. எந்த எடத்துல எவ்வளவு தண்ணி நிக்கும்னு எழுதணும், அவ்வளவுதான்" என்றார்.

லிஸ்ட் என்ற சொல்லுக்குப் பிறகு எங்கள் பெரியவர்களின் காதில் எதுவும் விழவில்லை. சித்தப்பா முந்திக்கொண்டு, "இங்க தண்ணியே வராது சார். மேட்டு எடம்" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் மேட்டு இடம்தான் என்றார்கள். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கட்டி வைத்திருந்த நாலு நீல டிரம்கள் அவர் நின்ற இடத்திலிருந்து நன்றாகத் தெரிந்தன. அவர் அவற்றையும் பார்த்தார்.

பிறகு கெபியைப் பார்த்தார். கும்பிடுவதற்காகச் செருப்பைக் கழற்ற ஒரு காலைத் தூக்கியவர், நிலை தடுமாறி, சுவரில் கை ஊன்றிவிட்டார்.

முப்பது வீட்டு மூச்சும் நின்றது. அவர் கையை எடுத்தார். உள்ளங்கை முழுக்கச் சுண்ணாம்பு. சுவரில் ஐந்து விரலோடு ஒரு கை பதிந்திருந்தது, அந்தக் கைக்குள்ளே நாலாவது கோடு சிவப்பாகத் தெரிந்தது. சரியாக வருடத்தின் மேலேயே கை வைத்திருந்தார்.

அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த இரண்டு இளைஞர்களும் டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் மெதுவாகத் திரும்பி, சுவருக்கு முதுகு காட்டி, அந்தக் கைத்தடத்தை மறைத்தாற்போல் நின்றுகொண்டார். எதிரே நான் நின்றேன்.

"பாப்பா, மழை வந்தா இங்க எதுவரைக்கும் தண்ணி வரும்?"

அம்மாவின் விரல் என் தோளில் அழுந்தியது. எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த அளவுக்கு உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. குச்சியோடு வந்து நாலு கோட்டையும் தொட்டுக் காட்டி, கைதட்டல் வாங்கியவள் நான். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"தண்ணியே வராது சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா."

"வரவே வராது சார். சத்தியமா" என்றேன். சத்தியம் நானாகச் சேர்த்தது. அம்மாகூட அதைக் கேட்கவில்லை.

அவர் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். "எழுதிக்கப்பா, தண்ணி வர்றதில்ல" என்று நோட்டுக்காரரிடம் சொன்னார். போகும்போது சித்தப்பாவின் பக்கம் குனிந்து, "சுவத்துல என் கை பட்டுடுச்சு. இன்னொரு கோட்டிங் போட்டுடுங்க" என்றார். கையைக் கழுவத் தண்ணீர் கேட்டு, வேலிப்பக்கமாகத் திரும்பி நின்று கழுவினார்.

அவர்கள் கரையேறி மறைந்ததும் சித்தப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கெபியைச் சுற்றி வந்தார். "பாத்தியா அண்ணே, கண்ணு கூட சிமிட்டல! இன்னா தெகிரியம்!" என்றார். தீவே என்னைக் கொண்டாடியது. அன்று சாயங்காலம் சித்தப்பா எங்கள் சரித்திரத்துக்கு ஒரு புது வரியே எழுதிக் கொடுத்தார். இனிமேல் நாலாவது கோட்டுக்குப் பிறகு அதையும் சொல்ல வேண்டும். நான் கண்ணாடி முன்னால் நின்று, கையை எங்கே நீட்டுவது, எங்கே நிறுத்துவது என்று பழகினேன். பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்லவே மறந்துபோனேன்.

அடுத்த மாதம் பெரிய மழை வந்தது. இரண்டாம் நாள் விடிவதற்குள் தண்ணீர் நாலாவது கோட்டைத் தாண்டிவிட்டது. மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மாதாவின் பாதம் முழுகியது. அதைப் பார்த்ததும் யாரும் ஜெபம்கூடச் சொல்லவில்லை. நீல டிரம்களை இறக்கிப் பார்த்தார்கள், இழுப்பில் கயிறு அறுந்து இரண்டு போய்விட்டன.

ஏரிக்கு அந்தக் கரையில் முதல் நாளே ஆரஞ்சு நிற போட் வந்து வீடு வீடாக ஆட்களை ஏற்றியது. எங்கள் மாடியிலிருந்து நன்றாகத் தெரிந்தது. துணியை ஆட்டினோம், கத்தினோம். அவர்கள் அந்தப் பக்கம் முடித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். அப்பா மிச்சமிருந்த சார்ஜில் ஏதோ எண்ணுக்குப் போன் போட்டார். "இல்ல சார், வந்துகீது சார், மாதா கால் வரிக்கும் வந்துகீது... இன்னா லிஸ்ட்டு சார்? ... யாரு சொன்னா வராதுன்னு?" என்றவர், சட்டென்று நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். எனக்குப் பசியாக இருந்தது. நான் அந்தப் பார்வையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அத்தை மாடிக்கு வருவதற்கு இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்திருந்தாள். ஊசி மருந்து கீழே ஃபிரிட்ஜோடு முழுகிவிட்டது. மூன்றாம் நாள் கால் முழங்கால்வரை வீங்கிக் கறுத்துவிட்டது. கட்டைப் பிரிக்கும்போது அம்மா என்னை அந்தப் பக்கம் போகச் சொன்னாள். நாலாம் நாள் மத்தியானம் ஒரு போட் வந்தது, வழி தப்பி வந்ததுபோல. அத்தையைத்தான் முதலில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அந்தக் கரை வீட்டுக் கதவுகளில் எழுதிய மஞ்சள் நம்பர், போட் வரவேண்டிய வீட்டுக்கான நம்பர் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர்கள் அளக்க வந்தவர்களிடம் இடுப்பளவு வரும் என்று உள்ளதைச் சொல்லியிருந்தார்கள். இன்றுவரை அவர்களை யாரும் காலி செய்யச் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், அது எனக்குத் தெரியாது. அந்தப் பெரியவரை நினைக்கும்போதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள ஏழைகள் சொல்கிற பொய் என்று இரக்கப்பட்டு, அவரும் எங்களோடு சேர்ந்து அதைச் சொல்லிவிட்டுப் போனார். அவர் கொஞ்சம் கெட்டவராக இருந்திருக்கக் கூடாதா என்று நான் பலநாள் நினைத்ததுண்டு. ஆனால் இதெல்லாம் எனக்குப் பதினைந்து வயதுக்கு மேல் புரிந்த கதை.

வெள்ளம் வடிந்தபோது கெபிச் சுவரில் சுண்ணாம்பு ஒரு பொட்டு இல்லை. கைத்தடத்தையும் ஏரியே கழுவி எடுத்துக்கொண்டு போயிருந்தது. நாலு கோடுகளும் பழையபடி சிவப்பாக இருந்தன. ஐந்தாவது கோட்டை யாரும் போடவில்லை. போட வேண்டுமென்றால் மாதாவின் உடம்பில்தான் போட வேண்டும். சித்தப்பா பெயிண்ட் டப்பாவை எடுக்கவே இல்லை.

அடுத்த செப்டம்பரில் திருவிழா வந்தது. யாரும் என்னை வைத்து ஒத்திகை பார்க்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் மனப்பாடம் ஆயிற்றே. அத்தை முன்வரிசையில் சேரில் உட்கார்ந்திருந்தாள், மடியில் புடவையை இழுத்து மூடியிருந்தாள், அதற்குக் கீழே ஒரு செருப்புதான் இருந்தது. நான் குச்சியோடு போய் நின்றேன். முதல் கோடு சொன்னேன். டிரம் பாப்பா பிறந்த கதைக்கு எல்லோரும் சிரித்தார்கள். பிரியாணி அண்டாவுக்கும் சிரித்தார்கள். நாலாவதை முடித்துவிட்டு, சித்தப்பா எழுதிக் கொடுத்த புது வரிக்கு வந்தேன். கண்ணாடி முன்னால் பழகியபடியே கையை நீட்டினேன்.

"அளக்க வந்தாங்க! எவ்ளோ தண்ணின்னு கேட்டாங்க! தண்ணியே வராதுன்னு சொன்னா நம்ம டிரம் பாப்பா! தீவு தப்பிச்சிடுச்சி!"

அப்புறம் பெரிய மழை மட்டும் விட்டுப்போகிறதே என்று நானாகவே சேர்த்துச் சொன்னேன். "அதுக்கப்புறம் மழ வந்திச்சி. மாதா பாதம் முழுகிச்சி. போட்டு வரல. எங்க அத்தை காலு போச்சி."

சரித்திரத்தை ஒன்று விடாமல், வரிசை மாறாமல் சொல்லிவிட்ட பெருமையோடு குனிந்து கும்பிட்டேன். யாரும் கைதட்டவில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா எழுந்து கெபிக்குப் பின்பக்கம் போய்விட்டார்.

அத்தை ஒருத்திதான் தட்டினாள். என்னைக் கிட்டே கூப்பிட்டு, நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, "நல்லா சொன்னேம்மா" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைசி வரி சித்தப்பா எழுதியதுபோல எடுப்பாக இல்லை, அதனால்தான் யாரும் தட்டவில்லை என்று நினைத்தேன். அடுத்த வருடம் அதை இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று முடிவுசெய்துகொண்டேன்.